கறுத்த சுவர்

இடப்பக்கச் சுவரைச் சாவியால் சுரண்டிய பெரிய இன்ஜினியர், விரல் நுனியை முகர்ந்து முகத்தைச் சுளித்தார். "கறுத்துப் போய்க் கிடக்கு பாருங்க. சாம்பல் புத்தி எங்க போகும்?"

பக்கத்தில் நின்ற முதலாளி வலப்பக்கச் சுவரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். அடித்தளச் சுவர் முழுவதற்கும் எந்தக் கான்கிரீட் என்று இன்றைக்கு முடிவாக வேண்டும். சின்ன இன்ஜினியரின் கலவை தோற்றால், அவளும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

அனல் மின் நிலையச் சாம்பலையும் சுண்ணாம்புக்கல் பொடியையும் சிமெண்டோடு சேர்த்துக் கலக்கியிருந்தாள். ஊற்றினால் போதும், யாரும் குத்திவிட வேண்டாம், தானே ஓடித் தானே படியும். முதலில் கல் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம் என்று பிரிந்து மானத்தை வாங்கியது. பொடியைக் கூட்டிக் கூட்டித்தான் வழிக்குக் கொண்டுவந்தாள்.

அன்றிலிருந்து பெரியவருக்கு வயிற்றெரிச்சல். அவளுக்குச் 'சாம்பல்' என்றே பெயர் வைத்தார். குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கியவர்களுக்குத் தலைகால் புரியாது என்று அவள் காதுபடவே சொல்வார். அவருடைய பட்டமோ, அறையில் ஆணியில் தொங்குவதைத் தவிர வேறு எந்த வேலையும் பார்த்ததில்லை.

மாதிரிக்கு இரண்டு சுவர் எழுப்பச் சொன்னவர் முதலாளி. ஆளுக்கொரு கலவை, எது யாருடையது என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஊற்றிய நாளில் பெரியவர் வழக்கம்போல ஏசி அறையைவிட்டு அசையவில்லை. கான்கிரீட்டைக் குத்திவிடும் வைப்ரேட்டரின் சத்தம் கேட்டாலே சண்டைக்கு வரும் எதிர்வீட்டுக்காரர்கூட அன்று எட்டிப் பார்க்கவில்லை.

பெரியவர் இப்போது வலது சுவரைத் தடவினார், பரிசு வாங்கி வந்த பிள்ளையின் முதுகைத் தடவுவதுபோல.

"ஒரு ஓட்டை இருக்கா? இவ்வளவு நெருக்கமா கம்பி இருந்தும் மூலை முடுக்கெல்லாம் போய் உக்காந்திருக்கு. இதுதாங்க சிமெண்ட். இதையே போடுங்க, நான் பொறுப்பு."

நிச்சயம்தானா என்று கேட்டார் முதலாளி.

"கண்ண மூடிக்கிட்டுப் போடலாம். சாம்பல வேணும்னா பாத்திரம் தேய்க்க வச்சுக்கட்டும்."

சுவர்களை ஊற்றிய மேஸ்திரி எதற்கோ இருமினார். இனிமேலாவது வாயைத் திறக்கலாமா என்று அவள் கேட்டாள். முதலாளி தலையசைத்தார்.

இடது சுவரின் கறுப்பு, அச்சுக்கு அடித்த பழைய பலகையின் கறை என்றாள்.

பெரியவர் சிரித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"உங்க கலவை அந்தக் கம்பிக்குள்ள இறங்கவே இல்ல, லாரியோட திருப்பி அனுப்பிட்டோம். ரெண்டு சுவரும் சாம்பல்தான் சார்."