அடியில் தங்காத துகள்

எங்கள் ஆய்வகத்துப் பெரியவர் இறந்து ஒரு வாரமாகியும், அவருடைய கடைசி பாட்டிலை யாரோ தினமும் குலுக்கிவைத்தார்கள்.

மின்னழுத்தம் கொடுத்தால் கல்லாக இறுகி, நிறுத்தினால் எண்ணெயாக ஓடும் திரவம் அது. அதிலுள்ள குறைக்கடத்தித் துகள்கள் ஒரே ராத்திரியில் அடியில் தங்கிவிடும். காலையில் வந்ததும் முதல் வேலையாகக் குலுக்குவது, ஒன்பது வருடமாக அவர்தான்.

"நீங்க குலுக்கினீங்களாக்கா?" உதவியாளர் அக்காவைக் கேட்டேன்.

"நான் தொடவேயில்லப்பா. அலமாரிச் சாவி உங்கிட்டதான இருக்கு?"

பாட்டிலை அலமாரியில் வைத்து, கதவிடுக்கில் காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போட்டுப் பூட்டினேன். காலையில் காகிதம் கிழியவில்லை. பாட்டில் மட்டும் அடிமுதல் கழுத்துவரை சாம்பலாகக் கலங்கியிருந்தது.

அக்கா வாசல்பக்கம் நகர்ந்தார். "கட்டை வெந்தும் வேலைய விடலையே மனுஷன்! கொட்டிடுப்பா, நிம்மதியாப் போகட்டும்."

படித்தவன்தான் நான். ஆனாலும் கடைசிச் சொட்டுவரை கழிவு டிரம்மில் கொட்டினேன்.

மாலையில் அவர் மனைவி வந்து, வீட்டில் கிடந்த அவருடைய நோட்டைக் கொடுத்தார். இறப்பதற்கு முந்தின நாள் எழுதிய பக்கத்தைப் புரட்டினேன்.

"துகள்களுக்குப் போட்ட புது பாலிமர் பூச்சு பலித்துவிட்டது. நான்கு நாளாகக் குலுக்கவில்லை. ஒரு துகள்கூட அடியில் தங்கவில்லை. செய்முறையை நாளை எழுதவேண்டும்."