சத்தம் போடாதீங்க!

கார் கதவைத் திறந்ததுதான் தாமதம், அகதாவுக்குக் காது அடைத்துவிட்டது.

சன்னாசி வாசலில் கராவோக்கே பெட்டியை வைத்துக்கொண்டு ஒரு பழைய பாட்டைக் கொலை செய்துகொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் புனிதா சம்பாலுக்கு மிளகாய் இடித்துக்கொண்டே போனில் யாரையோ வறுத்தெடுத்தாள். எதிர்வீட்டு தர்மராஜ் மோட்டார் சைக்கிளை ஓட்டாமல் ஒரே இடத்தில் வைத்து முறுக்கு முறுக்கென்று முறுக்கிக்கொண்டிருந்தான்.

கெமாஸ் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டம் அது. மிஞ்சியிருப்பது தொழிலாளர்கள் குடியிருக்கும் ஒரே ஒரு வரிசை லயத்து வீடுகள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனுஷர்கள் கொஞ்சம் கண் அசரமாட்டார்களா?

அதிலும் கொடுமை, இத்தனை கூத்தும் நடந்தது எலெய்ன் படிக்கிற ஜன்னலுக்கு நேராக!

எலெய்ன், அகதாவின் தம்பி மகள். அமெரிக்காவில் ஒரு யூனிவர்சிட்டி அவளுக்கு இடம் கொடுக்கத் தயார். ஆனால் அதற்கு ஆங்கிலப் பரீட்சையில் தேற வேண்டும். முதல் தடவை வாசிப்பு, எழுத்து எல்லாம் பிரமாதமாகச் செய்தவள், கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பேசவேண்டிய பகுதியில் ஊமையாட்டம் இருந்துவிட்டு வந்தாள். வருகிற சனிக்கிழமை மறுபடி பரீட்சை. இதிலும் கோட்டை விட்டால் சீட் போச்சு.

அவளைக் கையோடு அழைத்துப்போகத்தான் அம்பாங்கானிலிருந்து ஓடி வந்திருந்தாள் அத்தை.

"டேய் அந்தோணி! இது என்னடா, வீடா, பாசார் மாலாம் சந்தையா?"

தம்பி அந்தோணிதாஸ் நிமிர்ந்தான். அவன் கையில் ஒரு சுத்தியல். எதிரில் ஓட்டை வாளி. அதைத்தான் இவ்வளவு நேரமும் தட்டிக்கொண்டிருந்தான்.

"வாங்கக்கா. காப்பி கலக்கட்டுமா?"

"காப்பி ஒண்ணுதான் கேடு! உள்ள புள்ள படிக்குது, வெளியில வாளி தட்டுற. நீயெல்லாம் ஒரு அப்பனாடா?"

"இல்லக்கா, அது வந்து..."

அகதா விட்டால்தானே.

"சன்னாசிண்ணே! இந்த வயசுல உங்களுக்கு இது தேவையா? மைக்க கீழ வைங்க லா! ஏய் புனிதா, உன் மக பரீட்சைக்குப் படிச்சா இப்படித்தான் உரலைப் போட்டு இடிப்பியா? தோட்டத்துப் புள்ள பிளேன் ஏறப்போகுதேன்னு எல்லாருக்கும் வயித்தெரிச்சல்!"

புனிதாவின் முகம் வாடிவிட்டது. "ஐயோ, அப்படியெல்லாம் இல்லக்கா..."

"பேசாத! நானும் இதே லயத்துல பொறந்து வளந்தவதான். ஒருத்தி மேல ஏறினா காலைப் பிடிச்சு இழுக்கிற புத்தி இன்னும் உங்கள விட்டுப் போகல பாரு! வெக்கமா இல்ல? நாளைக்கு அவ பெரிய ஆளா வந்து நிக்கும்போது எந்த முகத்தை வெச்சிக்கிட்டு, எங்க லயத்துப் புள்ளன்னு சொல்லுவீங்க?"

மூச்சு விடாமல் திட்டித் தீர்த்தாள். கராவோக்கே நின்றது. உலக்கை நின்றது. தர்மராஜ் மோட்டாரை அணைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். லயமே கப்சிப்.

"ம்ம்... இது மனுஷங்க இருக்கிற இடம்" என்று அகதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கதவு படாரென்று திறந்தது. கழுத்தில் ஹெட்ஃபோன் தொங்க எலெய்ன் வெளியே ஓடி வந்தாள்.

"ப்பா! யாரு நிறுத்தச் சொன்னது?"

"நான்தான்டி கண்ணு" என்றாள் அகதா. "துணிமணிய எடுத்துக்க, நம்ம வீட்டுக்குப் போலாம். போன பரீட்சைக்கு உன்னை எப்படி வெச்சிருந்தேன்? ஏர்கோன் ரூம், டிவி கிடையாது, உங்க மாமாவ இருமக்கூட விடல. அதே மாதிரி வெச்சிக்கிறேன்."

எலெய்ன் அப்பாவைப் பார்த்தாள். அப்பா வாளியைப் பார்த்தார்.

"அத்தை... அதனாலதான் போன தடவை எனக்கு வாய் வரல."

"என்னடி சொல்ற?"

"பரீட்சையில எல்லாரையும் ஒரே ரூம்லதான் உட்கார வெப்பாங்க. ஆளுக்கு ஒரு நேரம் ஆரம்பிப்பாங்க. நான் பேச வாயத் தொறந்தா, சுத்தி இருக்கிறவங்க எல்லாம் மைக்ல பேசிக்கிட்டு இருக்காங்க. உங்க வீட்டு அமைதியில பழகினவளுக்கு ஒரு வார்த்தை வரல அத்தை. அவ்வளவு பாசமா பாத்துக்கிட்டீங்க, உங்ககிட்ட எப்படிச் சொல்றது? அதான் இந்தத் தடவை இவங்ககிட்ட போய் நின்னேன். நான் பேசிப் பழகுற நேரத்துல சத்தம் போடுங்கன்னு நான்தான் கேட்டேன்."

சன்னாசி கரகரத்த குரலில் சொன்னார்: "ரெண்டு வாரமா தொண்டையே போச்சும்மா. போனாப் போகுது, புள்ள ஜெயிச்சா சரி."

அகதாவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. புனிதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

"வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே புனிதா, மனசுல வெச்சிக்காத. போன தடவையும் நான்தான் கெடுத்தேன், இப்பவும் வந்து கெடுத்துட்டேன். நான் கெளம்புறேன்பா."

கார் சாவியைத் தேடி எடுத்தவளை எலெய்ன் ஓடிப்போய் மறித்தாள்.

"ஐயோ, போயிடாதீங்க அத்தை! இவங்க சத்தமெல்லாம் எனக்குப் பழகிப் போச்சு. இப்ப நீங்க திட்டினீங்க பாருங்க, அதுக்கு நடுவுலதான் இன்னிக்குத் தடுமாறாம ஒரு கேள்விக்கு முழுசா பேசி முடிச்சேன். சனிக்கிழமை வரைக்கும் இங்கேயே தங்கி, எல்லாரையும் நல்லா திட்டுங்க!"