பஸ்ஸில் வந்த நீலி

மரக்கட்டைப் பொம்மையின் முகத்தை முந்தானையால் துடைத்து, இடுப்பில் ஏற்றிக்கொண்டாள் கமலவேணி. அதைப் பார்த்த கலியமூர்த்தி ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"பயப்படாத தம்பி," என்றார் நாடக வாத்தியார் இராமதாஸ். "போன வாரம் வியாபாரியா நடிச்சவன் காய்ச்சல்ல படுத்துட்டான். இவ நெசமாவே பேய்தான்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறான். நீயும் ஓடிடாத."

மனைவி என்று பொய் சொல்லி வந்து, ஊரையே நம்பவைத்து, ஒரு வியாபாரியைப் பலிவாங்கிய பழைய நீலிக் கதைதான். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறுவருஷம், இராமதாஸ் அதைப் புதுசாக்கி, குருசுக்குப்பத்துக் கொட்டகையில் சனிக்கிழமைதோறும் தொடர்ந்து போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய நீலி விழுப்புரம் பஸ்ஸில் வந்து இறங்குவாள். அவளுக்கு நியாயம் சொல்வது மில் தொழிலாளர் சங்கத்துப் பெரியவர்கள்.

பேயாக நடித்து நடித்துக் கமலவேணிக்குச் சலித்துவிட்டது. அவள் குடியிருந்ததோ கருவடிக்குப்பத்தில், சுடுகாட்டுக்குப் போகிற வழியில். கடைத்தெருவில் அவளைக் கண்டால் பெண்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். ஆனாலும் நாடகம் இல்லையென்றால் அடுப்பு எரியாது.

கடலூரிலிருந்து காலையில்தான் வந்து சேர்ந்திருந்த கலியமூர்த்தி தொண்டையைச் செருமினான். "வேற வேஷம் ஏதாச்சும் இருந்தா குடுங்க வாத்தியாரே."

"சாயங்காலம் நாடகம். இனிமே ஆளுக்கு நான் எங்க போவேன்? நில்லு."

கமலவேணி நெற்றி வேர்வையைப் புறங்கையால் வழித்துவிட்டுத் தன் இடத்தில் போய் நின்றாள்.

"ஐயா, இவருதான் எம் புருஷன். இந்தப் புள்ளைக்கு அப்பன். ஊட்ட உட்டுத் தொரத்திட்டாரு."

அழவேண்டிய இடம். அவள் குரலில் அழுகை இல்லை, அலுப்புதான் இருந்தது. மூலையில் மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில் ரவைப் பசை அப்பிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

கலியமூர்த்தி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கைகட்டி, தலைகுனிந்து நின்றான். "இவ யாருன்னே எனக்குத் தெரியாதுங்க எசமான். இவளுக்கு நான் தாலி கட்டுனதே இல்ல."

"சங்கத்து ஆளுங்கள எவன்யா எசமான்னு கூப்புடுவான்? நான் அப்புடி எழுதலியே," என்றார் இராமதாஸ். சற்று யோசித்தவர், தலையை ஆட்டினார். "பரவால்ல, இருக்கட்டும். இந்த வசனத்த இவ்ளோ உருக்கமா இதுக்கு முன்ன யாரும் சொன்னதில்ல. இன்னா சொல்ற கமலவேணி?"

அவள் பொம்மையைப் பெஞ்சில் கிடத்திவிட்டு, அதன் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள்.

"கோர்ட்டுலயும் இப்புடித்தான் சொன்னாரு."