முன்வரிசையில் கல்கத்தாக்காரர்

முன்வரிசையில் கறுப்புக் கோட்டோடு உட்கார்ந்திருந்த பெரியவரைப் பார்த்ததுமே வேங்கடசுப்ரமணியன் தன் குறிப்புத் தாள்களை மறுபடி புரட்ட ஆரம்பித்தான்.

"அவர்தாண்டா! கல்கத்தா வேலைக்கு ஆள் பார்க்க ஒருத்தர் வரார்னு சொன்னேனே, நம்மவர்தான் போலிருக்கு" என்று காதைக் கடித்தான், கூட வேலை பார்க்கும் ராமசேஷன்.

அறுபத்து நாலாம் வருஷம். மாதுங்காக் கல்லூரி ஒன்றில் புள்ளியியல் கருத்தரங்கு. வேங்கடசுப்ரமணியனின் தற்காலிக வேலை அந்த ஜூனோடு முடிகிறது. கல்கத்தா ஆராய்ச்சி நிலையமும் கைவிட்டால் மூட்டையைக் கட்டவேண்டியதுதான்.

அவனுடைய புதுத் தேற்றம் பார்க்க ஜோராகத்தான் இருந்தது. ஆனால் மூன்றாவது படியில் ஒரு ஓட்டை. அங்கே வருகிற சராசரி எல்லையில்லாமல் ஓடிவிடாது என்று இவனாகவே வைத்துக்கொண்டிருந்தான். அதற்கு நிரூபணம் கேட்டால் திருதிருவென்று முழிக்க வேண்டியதுதான்.

பேச ஆரம்பித்தான். சும்மா சொல்லக்கூடாது, வெளுத்து வாங்கினான். மூன்றாவது படி வந்தபோது மட்டும் குரலை விழுங்கி, கரும்பலகையில் ஏதோ கிறுக்கி, நாலாவதுக்குத் தாவிவிட்டான்.

கோட்டுக்காரர் பலகைப் பக்கமே திரும்பவில்லை. அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பலகையைப் பார்க்காமலே கணக்கைப் பிடிக்கிற மகா மேதை போலிருக்கிறது என்று இவன் நினைத்துக்கொண்டான்.

பேச்சு முடிந்ததும் அவர் எழுந்தார். தமிழிலேயே கேட்டார்.

"மூணாவதுன்னு சொல்லிட்டு என்னமோ முழுங்கிட்டேளே, அதை இன்னொரு தரம் வாய்விட்டுச் சொல்ல முடியுமோ?"

போச்சு! இனி மழுப்பினால் வேலையோடு மானமும் போகும்.

"தப்புதான் சார். அந்தப் படிக்கு எங்கிட்ட நிரூபணம் இல்லே. தெரிஞ்சேதான் மறைச்சேன்." தமிழில் ஒரு தரம், சபைக்காக இங்கிலீஷில் ஒரு தரம், கணீரென்று ஒப்புக்கொண்டான். துறைத் தலைவர் தலையில் கைவைத்துக்கொண்டார். ராமசேஷன் ஜன்னல் வழியாகத் தெருவில் போகிற பஸ்ஸை வேடிக்கை பார்க்கத் தொடங்கினான்.

கூட்டம் கலைந்தது. வேங்கடசுப்ரமணியன் கரும்பலகையை அழிக்கத் தொடங்கினான். கோட்டுக்காரரோ முகமெல்லாம் சிரிப்பாக வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பேஷ்! ஒரு பிசிறு இல்லையே!"

"மன்னிச்சுக்கோங்கோ சார். கல்கத்தாலேர்ந்து இத்தனை தூரம் வந்து..."

"கல்கத்தாவா? நான் இதோ பக்கத்துலே செம்பூர்லேர்ந்து வரேன். உங்கப்பாவும் நானும் ஜாதகம் மாத்திண்டிருக்கோமே, உங்களுக்குப் பார்த்திருக்கிற பொண்ணு ருக்குவோட தோப்பனார் நான்."

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மாப்பிள்ளைக்குத் திக்குவாய்னு எவனோ கொளுத்திப் போட்டுட்டான்!"