மதகுக் கல்

"சாவி தர முடியாது மேடம். இன்னா பண்ணுவீங்களோ பண்ணிக்குங்க."

ஏரிப் பாசன சங்கத் தலைவர் பச்சமுத்து, மதகு ஷட்டரின் சாவியை வேட்டி மடியில் செருகிக்கொண்டார்.

என்ஜினியர் கனகாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏரிக்கரை மேல் வேன் வந்து நின்றாகிவிட்டது. கஜகஸ்தானிலிருந்து பயிற்சிக்கு வந்த எட்டு அதிகாரிகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"பத்து நிமிஷம் திறந்து காட்டினா போதும் ஐயா. ஒரு ஏரித் தண்ணியைச் சண்டை போடாம எப்படிப் பங்கு போட்டுக்கறோம்னு பார்க்கத்தான் அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க."

"யாரு செலவுல?"

"நம்ம அரசாங்கச் செலவுலதான். வெளிநாட்டுக்குச் செய்யற உதவி."

"அப்டிப் போடுங்க! அவுங்க ஊர்ல பூமியத் தோண்டுனா எண்ணெய் கொட்டுதாம், பேப்பர்ல படிச்சேன். இங்க நவரை நடவுக்குத் தண்ணி பத்துமா பத்தாதான்னு நான் பேஜாராயிகினு கீறேன். காசுள்ளவனுக்கு நாம தர்மம் பண்றதா? அவுங்க நமக்கு இன்னா செஞ்சாங்க?"

நியாயமான கேள்விதான். கூட நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

"வந்தவங்கள வெறுங்கையா அனுப்பக் கூடாது. பூஜையப் பாத்துட்டுப் போவட்டும். தண்ணி கெடையாது" என்று பச்சமுத்து கொஞ்சம் இறங்கி வந்தார்.

பூஜை மதகோரத்துக் கல்லுக்கு. சில வருஷம் முன்பு ஏரியைத் தூர் வாரியபோது சேற்றில் கிடைத்த உடைந்த கல் அது. ஏதோ எழுத்து இருந்தது. யாருக்கும் படிக்க வரவில்லை. கல்வெட்டுக்குப் பேர்போன உத்திரமேரூர்ப் பக்கத்தில் எழுத்துள்ள கல் கிடைத்தால் கேட்கவா வேண்டும்? ராஜா காலத்துக் கல் என்று நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துக் கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கு உடைக்கிற தேங்காயில் முதல் மூடி சங்கத் தலைவருக்கு.

வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டி பாண்டுரங்கன் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கல்லைக் கழுவினார். மஞ்சள் கரைந்து எழுத்து தெரிந்தது.

வந்தவர்களில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, சட்டென்று கல்லுக்கு அருகே போனார்.

"செருப்பு! செருப்பு!" என்று பச்சமுத்து பதறினார்.

அந்த அம்மா புரிந்துகொண்டு ஷூவைக் கழற்றினார். மண்டியிட்டார். எழுத்தை விரலால் தடவி, கடகடவென்று வாய்விட்டுப் படித்தார்.

"இன்னாய்யா இது? நம்ம ராஜா எழுத்த அந்தம்மா படிக்கிது!" என்றார் பாண்டுரங்கன்.

கனகா அந்த அம்மாவிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள். பதிலைக் கேட்டதும் பச்சமுத்து பக்கம் திரும்பினாள்.

"ஐயா, இது ராஜா காலத்துக் கல் இல்ல. ரஷ்ய எழுத்து. 'இந்த மதகு, இந்திய உழவர்களுக்குச் சோவியத் மக்களின் அன்பளிப்பு, 1987'னு போட்டிருக்கு."

"சோவியத்தா? இவுங்க கஜகஸ்தானாச்சே?"

"அப்போ கஜகஸ்தானும் அந்த நாட்டுக்குள்ளதான் இருந்துச்சு. பிற்பாடுதான் தனி நாடாச்சு."

பச்சமுத்து மதகைப் பார்த்தார். 1987-க்கு முந்தைய வருஷம் பழைய மதகு உடைந்து, ஏரித் தண்ணீர் எல்லாம் வீணாய்ப் போனது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. செங்கல் சூளைக்குப் போக அப்பா மூட்டை கட்டிவிட்டார். அப்புறம் புது மதகு வந்தது. மூட்டையைப் பிரித்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் உலை கொதிக்காத நாளில்லை. மதகைக் கொடுத்தது யார் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பாண்டுரங்கன் தேங்காயை உடைத்து, வழக்கம்போல முதல் மூடியை நீட்டினார். பச்சமுத்து அதை வாங்கி, இரண்டு கையாலும் அந்த அம்மாவிடம் கொடுத்தார்.

கனகா மெதுவாகக் கேட்டாள். "அப்போ... பத்து நிமிஷம் திறக்கலாமா ஐயா?"

பச்சமுத்து மடியிலிருந்த சாவியை எடுத்து, தேங்காய் மூடிக்குள்ளேயே வைத்தார்.

"என்னைய இன்னாத்துக்கும்மா கேக்குறீங்க? மதகே அவுங்க குடுத்ததுதான!"