ஆணி வைத்த பனிவண்டி

மழை பெய்து உறைந்ததில் ஏரி கண்ணாடியாகிவிட்டது. என் ஐம்பத்தெட்டு வயதுத் தங்கை லெம்பி, தன் புது மோட்டார் பனிவண்டியின் ரப்பர் பட்டைக்கு ஆணி வைத்துத் தரச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக வேண்டுமாம்.

“உன் வண்டிக்கு வேணாமாண்ணா?”

“கடைல ஒரு பெட்டி ஆணிதான் இருந்துச்சு. நீ ஏரியைத் தாண்டிப் போறவ. அக்கரையில ஹார்யு வீட்டானுங்க ஜன்னல்லயே குந்தியிருப்பானுங்க. அவனுங்க முன்னாடி நம்ம வீட்டு வண்டி வழுக்கிடக் கூடாது.”

மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்தோடு எங்களுக்குப் பேச்சில்லை. பட்டையில் துளையிட்டு, ஆணிகளைச் செருகி, ஒவ்வொரு நட்டையும் நானே முடுக்கினேன்.

“நடுவுல இன்னொரு வரிசை போடுண்ணா. பாரம் இருக்கு.”

“சர்ச்சுக்கு என்னடி பாரம்?”

“காபி விருந்துக்குக் கேக்கு.”

ஞாயிறு காலை லெம்பி கோடு கிழித்தாற்போல் ஏரியைக் கடந்தாள். சர்ச் பக்கம் திரும்பவில்லை. ஹார்யு வீட்டு வாசலில் நிறுத்தினாள். மனைவியை இழந்த டோய்வோ ஹார்யு, கோட்டும் சூட்டுமாக வந்து அவளுடைய துணிப்பெட்டிகளை இறக்கினான். பக்கத்தில் பாதிரியார் நின்றிருந்தார்.

தடுப்பதற்காக என் வண்டியை விரட்டினேன். நடு ஏரியில் அது பம்பரமாகச் சுற்றிப் படுத்துவிட்டது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

லெம்பிதான் கயிற்றோடு வந்தாள்.

“கெட்டியா புடிச்சுக்கோண்ணா. உனக்காகத்தான் எல்லாரும் காத்திருக்காங்க.”

அக்கரை வரை என்னை இழுத்துப் போனதில் ஓர் ஆணிகூடக் கழலவில்லை.