அரை டம்ளர் தண்ணீர்

"கதவைச் சாத்தாதீங்க. திறந்தே இருக்கட்டும்."

சொன்ன குரல், உதவித்தொகை விஷயமாக வந்திருந்த அதிகாரிக்கே கீச்சென்று கேட்டது. சாத்தப் போன கதவைத் தையல்காரர் அப்படியே விட்டார்.

"பயப்படாதீங்க மேடம். என் தங்கச்சி எறும்பைக்கூட மிதிக்க மாட்டா. இந்த வீட்டுல பயப்படணும்னா என் தையலுக்குத்தான் பயப்படணும்."

சிரித்துக்கொண்டே சொன்னாலும், மேசைமேல் கிடந்த கத்திரிக்கோலை எடுத்து இழுப்பறைக்குள் போட்டார்.

அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னலோரம் அந்தத் தங்கை உட்கார்ந்திருந்தாள். சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த கை நின்றுபோயிருந்தது. கண் மட்டும் அதிகாரியின் முகத்தை விட்டு நகரவில்லை.

வாசலோடு திரும்பியிருக்கலாம். வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம்.

"ஏன் இப்படிப் பார்க்கிறாங்க?"

"புது ஆள் வந்தா அப்படித்தான் மேடம். குட்டி, மேடத்துக்குத் தண்ணி கொண்டு வா."

அவள் உள்ளே போய் அரை டம்ளர் தண்ணீரோடு வந்தாள். மிக அருகில் வந்து நின்று நீட்டினாள். அதிகாரி வாங்கிய வேகத்தில் தண்ணீர் டம்ளருக்குள் தளும்பியது. கை அப்படி நடுங்கியது.

"என்ன குட்டி, வந்தவங்களுக்கு அரை டம்ளரா? நாம என்ன அவ்வளவு கஞ்சமா?"

"முழுசா ஊத்தினா சிந்தும்ணா."

அதிகாரி ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஃபைலைத் திறந்தாள். சீக்கிரம் முடித்துவிட்டு ஓடிவிட வேண்டும்.

"நிதியைக் குறைச்சுட்டாங்க. மனநல ஆஸ்பத்திரியில இருந்ததுக்கு அத்தாட்சி இல்லாதவங்களுக்கு இந்த மாசத்தோட இலவச மாத்திரை, உதவித்தொகை ரெண்டும் நிறுத்தச் சொல்லியிருக்காங்க."

"ஆஸ்பத்திரியோட பழைய கட்டடத்துல வெள்ளம் புகுந்து, இருந்த காகிதமெல்லாம் கூழாப் போச்சே மேடம். அதுக்கு நாங்க என்ன பண்ணுவோம்?" தையல்காரரின் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "போன வருஷம் ஒரு மாசம் மாத்திரை கிடைக்கல. பத்து நாள் சோறு இறங்கல இவளுக்கு. 'நீ யாரு'ன்னு என்னையே கேட்டா. இன்னொரு தடவை அதை நான் தாங்க மாட்டேன் மேடம்."

அதிகாரி ஃபைலில் ஒரு பக்கத்தைப் புரட்டினாள். விதியில் இருப்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"ஒரு வழி இருக்கு. இவங்க அங்க இருந்தப்போ அதே வார்டுல நோயாளியா இருந்த யாராவது ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போட்டா போதும்."

"யாரு மேடம் போடுவா? வெளியே வந்தவங்க அங்க இருந்ததை மறைச்சுத்தானே பொழைக்கிறாங்க. தெரிஞ்சா வேலை போயிடுமே." அவர் தங்கை பக்கம் திரும்பினார். "குட்டி, நல்லா யோசிச்சுச் சொல்லு. யாரையாவது ஞாபகம் இருக்கா?"

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டே போய்த் தேய்ந்தது. தங்கை அதிகாரியையே பார்த்தாள். இவள் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று நினைத்தபடி அதிகாரி பேனாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இல்லண்ணா. யார் முகமும் ஞாபகத்துல இல்ல."

காலி டம்ளரை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போய்விட்டாள். தையல்காரர் முக்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

'அத்தாட்சி இல்லை' என்று இரண்டு வார்த்தை எழுத வேண்டும். அவ்வளவுதான். கதவு திறந்துதான் இருந்தது.

அதிகாரி ஒருமுறை கதவைப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று எழுதினாள்.

"மாத்திரை, உதவித்தொகை எல்லாம் தொடரும்."

"சாட்சி வேணும்னு சொன்னீங்களே மேடம்?"

அவள் ஃபைலை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அடியில் அதிகாரியின் கையெழுத்து. அதற்கு மேலே, சாட்சிக்கு விட்டிருந்த இடத்திலும் அதே நடுங்கிய கையெழுத்து. பக்கத்தில் சின்னதாக எழுதியிருந்தது: 'ஏழாம் வார்டு, இவருக்குப் பக்கத்துக் கட்டில்.'